எட்டு மாப்பிள்ளைகளுக்கு ஒரு கோட்டு

இலங்கை மலையகத்து ஹட்டனில் புதிதாக ஒரு ஸ்டூடியோ திறந்தார்கள். திறப்பு விழாவில் பேச என்னை அழைத்து, ஐந்தே நிமிடம் தந்தார்கள். நான் அவையை வணங்கி, தலைவரை வணங்கி, எனக்கு முன்னால் பேசியவரின் இரண்டு கருத்துகளை மறுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மணியை மதிப்பது மேடையில் வளர்ந்தவனின் முதல் ஒழுக்கம். இறங்கிவிட்டேன்.

கீழே ஸ்டூடியோ இளைஞர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயா, ஒங்க காலத்துல ஸ்டூடியோவே இல்லாம எப்புடிங்க படம் புடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குப் பின்னால், வாடிக்கையாளர் அணிந்துகொள்வதற்காக நான்கு கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. நான்கு! என் தொழில் முழுவதும் ஒரே கோட்டில் தொடங்கி வளர்ந்தது. அந்த ஒரு கோட்டினால் ஒருவனுடைய கல்யாணமும், அதோடு சேர்ந்து என் கேமராவும் ஒரே வாரத்தில் கைநழுவப் பார்த்தன. மணியடிக்க ஆளில்லாத இந்தத் தாளில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் நான் இளநிலைக் கிளாக்கராகச் சேர்ந்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன். படம் பிடிப்பது என் உத்தியோகமன்று, ஞாயிற்றுக்கிழமைப் பித்து. ஐம்பதுகளின் தொடக்கத்தில், சீமைக்குத் திரும்பிய சின்னத்துரை ஒருவர், அதாவது தோட்டத்து உதவி மேலாளர், தம்முடைய பெட்டிக் கேமராவைச் சொற்ப விலைக்கு என்னிடம் விட்டுச் சென்றார். கற்பித்தவர் எவருமில்லை. முதல் சுருளில் எட்டுப் பேருக்கும் தலை விழவில்லை. இரண்டாம் சுருளில் தலைகள் விழுந்தன, கால்கள் போயின. மூன்றாம் சுருளில் முழு மனிதர்கள் விழுந்தார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அந்நாளில் தோட்டத்து மக்களுக்குப் படம் தேவைப்பட்டது. இந்தியாவுக்குப் போய்வர அதிகாரிகள் காகிதம் கேட்டார்கள். காகிதத்துக்குப் படம் கேட்டார்கள். பிறந்த மண்ணில் நிற்பதற்கே சான்று தேடி அலைந்த மக்களுக்குத் தம் முகத்தைத் தாம் கையில் வைத்துக்கொள்வதில் ஓர் உறுதி இருந்தது. ஆனால் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் காகிதத்துக்காக வரவில்லை, கல்யாணத்துக்காக வந்தார்கள். பெண் வீட்டுக்கு அனுப்பும் மாப்பிள்ளைப் படம்தான் என் தொழிலின் அச்சாணி. அதில் வந்த சிறு வருமானம் என் தங்கைக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கித் தந்தது. எனக்கு மாதம் இரண்டு முறை ஹட்டன் வாசகசாலைப் பட்டிமன்றத்துக்குப் பஸ் கட்டணம் தந்தது.

பட்டிமன்றம் என்றேன். அங்கேதான் கோட்டு வருகிறது. மேடைக்கென்றே ஹட்டன் தையற்காரரிடம் கறுப்புக் கம்பளித் துணியில் ஒரு கோட்டுத் தைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு நான் மேடையேறினால் எதிரணியினர் தண்ணீர் கேட்பார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள், நான் மறுத்ததில்லை. ஒருநாள் முடிவுரையில், "இந்த நெஞ்சைக் கேளுங்கள்!" என்று மார்பில் ஓங்கி அறைந்தபோது இரண்டாவது பொத்தான் தெறித்து, முன்வரிசையில் இருந்த நடுவரின் மடியில் விழுந்தது. நாங்கள் வென்றோம். பொத்தான் திரும்பவில்லை, நடுவரிடம் போய்க் கேட்க என் பெருமை இடந்தரவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்து, ஆபீஸ் மையைப் பூசினேன். லிந்துலை மழை இரண்டே வாரத்தில் மையைக் கழுவிவிட்டது. கறுப்புக் கோட்டின் நடுவில் அது பளிச்சென்று நின்றது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கிழக்குப் பார்த்த சுவரில் ஒரு கரிய கம்பளியைத் தொங்கவிடுவேன். பதினொரு மணிக்குமேல் மூடுபனி வந்துவிடும் என்பதால் மூன்று மணி நேரந்தான் என் ராச்சியம். ஒரு சுருளில் எட்டுப் படம். சுருள் முடியாமல் ஹட்டனுக்குக் கழுவ அனுப்ப இயலாது. ஆகவே எட்டுப் பேர் சேரும்வரை மாப்பிள்ளைகள் காத்திருப்பார்கள். சேர்ந்த அன்று எட்டுப் பேரும் ஒருவர்பின் ஒருவராக என் கோட்டுக்குள் நுழைந்து வெளியேறுவார்கள். பருத்தவனுக்குப் பொத்தானைப் போடாமல் விடுவேன். ஒல்லியானவனுக்கு முதுகுப்புறம் துணியை மடித்து ஊசி குத்துவேன். இடுப்புக்குமேல் மட்டுமே படம். மேலே துரை, கீழே சாரம் கட்டிய தொழிலாளி. லயத்துப் பெண்கள் வாசலில் நின்று, "ஏய், கோட்டு மட்டும் நடந்து போவுதுடி, உள்ள ஆளக் காணோம்!" என்று கேலி பேசுவார்கள். கழுவி வந்த படத்தின் பின்புறம் என் பெயரும், எழுத்தர் என்ற பதவியும், தோட்டத்தின் பெயரும் பொறித்த ரப்பர் முத்திரையை நானே குத்துவேன். அந்த முத்திரையில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

அதுதான் வினையாயிற்று.

எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர், பெயர் தாமோதரம். அவர் குரலை உயர்த்தி எவரும் கேட்டதில்லை. மேசையில் எப்போதும் ஒரு நீலப் பென்சிலும் ஒரு சிவப்புப் பென்சிலும் இருக்கும். நம்மை அழைத்துவிட்டு நீலத்தைக் கையிலெடுத்தால் வேலை. சிவப்பை எடுத்தால் வினை. எந்தக் கடிதத்தையும் முதலில் நின்றபடி ஒரு முறையும், பிறகு உட்கார்ந்து ஒரு முறையும் படிப்பார். என் ஞாயிற்றுக்கிழமைத் தொழிலை அவர் தடுத்ததில்லை. "வேலை நாளிலை அந்தப் பெட்டியை நான் காணக்கூடாது" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஒரு புதன்கிழமை அவர் என்னை அழைத்தார். கையில் சிவப்புப் பென்சில்.

"தம்பி, இரும். இதை வாசியும். சத்தம் போட்டு வாசியும், நீர் பேச்சாளர்தானே."

பட்டிப்பொலவிலிருந்து வந்த கடிதம். மருதமுத்து என்ற ரயில் பாதைத் தொழிலாளி, யாரோ ஓர் ஆசிரியரைக் கொண்டு எழுதுவித்திருந்தார். உடன் இரண்டு படங்கள், இரண்டும் என்னுடையவை. நான் வாசித்தேன்:

"என் மகள் பாக்கியத்தைக் கேட்டு உங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு மாப்பிள்ளைகளின் படங்கள், இரண்டு தரகர் மூலமாக வந்து சேர்ந்தன. இருவரும் ஒரே கோட்டு அணிந்திருக்கிறார்கள். இரண்டிலும் இரண்டாவது பொத்தான் வெள்ளை. படத்தின் பின்னால் தோட்டத்து முத்திரை இருப்பதால் தோட்டத்தையே கேட்கிறேன். நான் பெண் கொடுப்பது ஆளுக்கா, கோட்டுக்கா?"

ஆபீசில் மற்றவர்கள் பேரேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தோள்கள் குலுங்கின.

"உம்மடை கோட்டுக்கு எத்தினை மாப்பிள்ளையள்?" என்றார் தாமோதரம்.

"அந்தச் சுருளில் எட்டுப் பேர், ஐயா."

"எட்டு." பென்சிலை மேசையில் ஒருமுறை தட்டினார். "தோட்டத்தின்ரை பேர் முத்திரையிலை கிடக்கு. திங்கட்கிழமைக்கு முதல் இந்தக் கதை முடிய வேணும். இல்லையெண்டால் உம்மடை கேமரா என்ரை லாச்சிக்குள்ளை இருக்கும்." மேசையின் கீழ் இழுப்பறையை இழுத்துக் காட்டினார். கேமராவுக்கு வேண்டிய இடம் அதில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது.

படத்திலிருந்த இருவரில் ஒருவன் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்பவன். அவனுக்கு அதற்குள் வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. மற்றவன் சுப்பையா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். அன்று மாலை தன் தாய் சிவனம்மாவோடு என் வீட்டு வாசலுக்கு வந்தான். சிவனம்மா வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"என்னாங்கையா, எம்புள்ள மூஞ்சியப் புடிங்கன்னா ஒங்க கோட்டப் புடிச்சி அனுப்பிட்டீங்களே! பொண்ணூட்டுக்காரன் சொல்லி அனுப்புறான், திருட்டுக் கூட்டமாம் நாங்க!"

"சும்மா இரும்மா."

"நீ சும்மா இருந்து இருந்துதான் முப்பது வயசாயிருச்சி. இன்னும் சும்மா இரு."

"சுப்பையா, ஒரு படந்தானே? வேறு இடம் பார்க்கலாம். படத்தை நான் இலவசமாக எடுத்துத் தருகிறேன்" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "வேற எடம் வேணாங்கையா. நானுஓயா தேருக்குப் போனப்ப தண்ணிப் பந்தல்ல நாந்தான் நின்னேன். அவங்க வந்து தண்ணி கேட்டாங்க. ஒரு தம்ளரு குடிச்சாங்க. இன்னொன்னு கேட்டாங்க. மூணாவதும் வந்து கேட்டாங்க. அன்னிக்கி நல்ல மழைங்க. மூணாவது தம்ளரு தாகத்துக்கு இல்லைன்னு தோணுச்சி."

இத்தகைய சான்றை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஞாயிறன்று மூவரும் பட்டிப்பொலவுக்குப் போவதென்று முடிவாயிற்று. நான் பேசுவேன், உண்மையை விளக்குவேன், மருதமுத்து மனம் மாறுவார். அதில் எனக்கு ஐயமே இல்லை.

தலவாக்கலையில் ரயிலேறியதும் பேச்சை மூன்று பகுதிகளாக வகுத்துக்கொண்டேன். கேமராவையும் தோளில் மாட்டியிருந்தேன். படம் எடுக்கும் எண்ணத்தால் அன்று. தாமோதரம் ஐயாவின் இழுப்பறைக்கு எட்டும் தூரத்தில் அதை விட்டுச்செல்ல மனம் வரவில்லை. அதில் ஏழு படங்கள் எடுத்தாகிவிட்டன. எட்டாவது ஒன்றே மிச்சம். நானுஓயாவைத் தாண்டியதும் குளிர் பெட்டிக்குள் ஏறியது. சுப்பையா மெல்லிய வெள்ளைச் சட்டையோடு கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். நானோ மேடைக்குப் போகும் வழக்கத்தில் கோட்டை அணிந்திருந்தேன். அதன் பொருத்தமின்மை எனக்கு உறைக்கவே இல்லை.

மருதமுத்துவின் வீடு பட்டிப்பொல ஸ்டேஷனை ஒட்டிய ரயில் லயத்தில் இருந்தது. பித்தளைப் பொத்தான் வைத்த தடித்த ரயில்வே கோட்டோடு அவர் வாசலில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை இரண்டாவது பொத்தானில் வந்து நின்றது.

"வாங்க. கோட்டு வந்துருச்சி. ஆளு எங்க?"

உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் கோட்டைக் கழற்றி, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். அதன்பின் பேசத் தொடங்கினேன். ஆடை மனிதனுக்குப் புறம், அகமே மனிதன் என்று தொடங்கி, வறுமையிலும் தூய்மை காக்கும் உழைப்பாளியின் மாண்பைத் தொட்டு, ஒரு கோட்டைப் பலர் அணிவது பொதுவுடைமையின் சிறு விதை என்ற இடத்துக்கு வந்தேன். வாசகசாலையில் கைத்தட்டல் எழும் இடம் அது. மருதமுத்து கண்ணிமைக்காமல் கேட்டார்.

"முடிச்சிட்டீங்களா?"

"முடித்துவிட்டேன்."

"ஒக்காருங்க, டீ ஆறிப்போவுது." தாமும் உட்கார்ந்தார். "நான் தெனமும் தண்டவாளத்தப் பாத்துக்கிட்டே நடக்குறவன். ஒரு ஆணி கழண்டிருந்தா எங்கண்ணுக்குத் தப்பாது. தப்புனா ரயிலு பள்ளத்துல கெடக்கும். இந்தப் பொத்தானா தப்பும்? கோட்டு எரவலுன்னு மொதல்லயே எழுதியிருந்தா நான் கோவிச்சிருக்க மாட்டேன். நீங்க சொல்லல. அது ஒண்ணுதான்."

மூன்று பகுதிகளையும் அவர் ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். என் மேடை வாழ்வில் நடுவர் இல்லாமலே நான் ஒப்புக்கொண்ட ஒரே தோல்வி அது.

"தப்பு என்னோடதுதாங்க" என்றான் சுப்பையா. வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வாக்கியம். "ஐயா மேல ஒண்ணும் இல்ல. கோட்டு போட்டா நல்லாருப்பேன்னு நெனச்சேன்."

மருதமுத்து அவனை முதன்முறையாக நேராகப் பார்த்தார். அவனுடைய கைகளில் கவ்வாத்துக் கத்தி இட்ட பழைய தழும்புகளைப் பார்த்தார். சிவனம்மா வாயைத் திறந்தார். திறந்த வாயைத் தாமாகவே மூடிக்கொண்டார். பிற்காலத்தில் அந்தக் கல்யாணத்தின் மிகப் பெரிய அதிசயமாக அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

"ஆளு பரவால்ல. ஆனா நான் மட்டும் சரின்னு சொன்னா ஆவாது" என்றார் மருதமுத்து. "பாக்கியத்தோட தாய்மாமன் பெருமாள் பதுளப் பக்கம் தோட்டத்துல இருக்கான். ஸ்டோரு மேல் மாடியிலருந்து விழுந்து, காலுல கட்டு. அவன் வர முடியாது. அவன் பாக்காம தாம்பூலம் மாத்துற வழக்கம் எங்ககிட்ட இல்ல. படம்தான் அனுப்பணும். புதுசா எடுங்க, இப்பவே. எரவல் கோட்டு வேணாம்."

மீதமிருந்தது ஒரே படம். வெளியே வந்து பார்த்தால் மூடுபனி தண்டவாளத்தின்மேல் படுத்துக்கிடந்தது. பெட்டிக் கேமராவுக்கு வெயில்தான் உயிர். வெயிலில்லாத வேளைக்கு அதில் ஒரு வழி உண்டு: மேலேயுள்ள சிறு தகட்டை இழுத்துவிட்டால், நாம் விரும்பும்வரை மூடி திறந்தே நிற்கும். கேமராவை அசையாத இடத்தில் வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எதிரே நிற்பவரும் அதுவரை அசையக்கூடாது. வாசலில் அடுக்கியிருந்த, தண்டவாளத்துக்கு அடியில் இடும் பழைய சிலிப்பர் கட்டைகளின்மேல் கேமராவை வைத்தேன். சுப்பையாவைச் சுவரோரம் நிறுத்தினேன்.

அவன் நடுங்கினான். பட்டிப்பொலக் குளிர் அவனுடைய மெல்லிய சட்டையைத் துளைத்து எலும்பை ஆட்டியது. மூச்சை அடக்கச் சொன்னேன், பல் தந்தியடித்தது. சுவரில் சாயச் சொன்னேன். சுவரும் சேர்ந்து நடுங்குவதுபோல் இருந்தது. தலவாக்கலைக்குத் திரும்பும் ரயிலுக்கு அரை மணி நேரமே இருந்தது. படம் கலைந்தால் மாமனுக்கு அனுப்ப ஒன்றுமில்லை. எனக்கோ திங்கட்கிழமை வந்துவிடும்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, அந்தாளு நடுங்குறாரு. இப்புடி எடுத்தா படத்துல ரெண்டு மூஞ்சி விழும். மாமா திரும்பவும் ரெண்டு மாப்பிள்ளைன்னு நெனச்சிக்குவாங்க."

பாக்கியம் வாசற்படிக்கு வந்து நின்றாள். சுப்பையா நிமிர்ந்தான், நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

"என்னா பண்ணச் சொல்ற?" என்றார் தந்தை.

"கோட்டு வேணும்."

"எரவல் கோட்டு ஆவாதுன்னு சொன்னேன்ல?"

"யாரு கோட்டுன்னு தெரியாமதானப்பா கோவப்பட்டீங்க? தெரிஞ்ச கோட்டா குடுங்களேன்."

அவள் பார்த்தது ஆணியில் தொங்கிய என் கோட்டை அன்று. மருதமுத்து தம் மார்பைக் குனிந்து பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அக்கம்பக்கத்து லயத்தார், "அடேயப்பா, மருதமுத்து கோட்டக் கழட்டுறாரே!" என்று வெளியே வந்துவிட்டார்கள். சுப்பையாவின் தோளில் அதைப் போட்டு, காலரை இழுத்துச் சரிசெய்து, "ஆடாம நில்லு" என்றார்.

அவன் ஆடாமல் நின்றான். தகட்டை இழுத்தேன். ஒன்று. இரண்டு. மூடினேன்.

ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் என் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து மாட்டினேன். நானுஓயா வந்தபிறகுதான் குனிந்து பார்த்தேன். இரண்டாவது பொத்தான் கறுப்பாக இருந்தது. என் உரையின் மூன்றாம் பகுதி நடந்துகொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னால் பாக்கியம் அதைத் தைத்திருக்க வேண்டும்.

திங்கள் காலை தாமோதரம் ஐயா சிவப்புப் பென்சிலோடு காத்திருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"பாதி முடிந்தது, ஐயா. பதுளையிலிருந்து பதில் வர வேண்டும்."

சிந்தித்தார். "பாதி முடிஞ்சால் பாதி நியாயம்" என்றார். சுருளைக் கழற்றி நான் எடுத்துக்கொண்டபின், கேமராவை வாங்கி இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டார். கடக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படம் பதுளைக்குப் போயிற்று. சுப்பையா தினமும் மாலையில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான், கேட்கமாட்டான், நிற்பான். இரண்டு வாரம் கழித்து மருதமுத்து, மாமனின் கடிதத்தைத் தோட்டத்து முகவரிக்கே அனுப்பினார். தாமோதரம் நின்றபடி ஒருமுறை படித்தார். உட்கார்ந்து ஒருமுறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மச்சானுக்கு, படம் கிடைத்தது. மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. கோட்டு நன்றாகத் தெரிகிறது. என் கல்யாணத்துக்கு ஒரு நாள் இரவல் கேட்டபோது எனக்கே நீங்கள் கொடுக்காத கோட்டு அது. அதை இவனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் சம்மதம் கேட்பானேன்? நாள் பாருங்கள்."

தாமோதரம் கையில் நீலப் பென்சில் இருந்தது. காலால் இழுப்பறையை முழுவதுமாக இழுத்துத் திறந்தார். "ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் நல்லாயிருக்குமாம்" என்றார். வாசலுக்குப் போய்ச் சுப்பையாவிடம் நான் செய்தியைச் சொன்னேன். அவன் எதிரே இருந்த குழாயைத் திறந்து, மூன்று கை தண்ணீர் குடித்தான்.

கல்யாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் நடந்தது. சுப்பையா ஹட்டனில் அளவெடுத்துத் தைத்த புதுக் கோட்டில் நின்றான். அவனுடைய சொந்தக் கோட்டு, எல்லாப் பொத்தானும் ஒரே நிறம். பதுளையிலிருந்து பெருமாள் கோலூன்றி வந்து இறங்கினார். மணமக்களை வாழ்த்தியதும் அவர் செய்த முதல் வேலை, மாப்பிள்ளையின் கோட்டுத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்ததுதான்.

"இது யாரு கோட்டு?"

நான் கேமராவிலிருந்து நிமிர்ந்தேன்.

"எங்கோட்டுதாங்க மாமா" என்றான் சுப்பையா, தலை நிமிர்ந்து.

"நெசமாவா?"

"சத்தியமாங்க."

"அப்பச் சரி." பெருமாள் கோலைச் சிவனம்மாவின் கையில் கொடுத்தார். "கழட்டிக் குடு. நான் ஒரு படம் எடுத்துக்கறேன்."

அவருக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் புதுச் சுருளை மாட்டினேன்.